முயலகனும் மெய்ம்மயக்கமும்

கொல்லிமலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வல்வில் ஓரியிலிருந்தே தொடங்குவர். அவனது வில்லாற்றலை வன்பரணர் பாடியதும் (புறநானூறு 152), காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தி அகநானூற்றின் 209ஆம் பாடலில் இடம்பெற்றிருப்பதும் இலக்கிய அன்பர்கள் நன்கறிந்தவை. இக்கட்டுரையில் நாம் காணவிருப்பது அம்மலையின் பெயரோடு இணைந்த வேறொரு செய்தி. அது ஒரு நோயாளிப் பெண்ணைப் பற்றியது. அவளை அவள் தந்தையைக் கொண்டே இலக்கியம் நமக்கு அறிமுகப்படுத்துகிறது: கொல்லி மழவன் மகள்.

பாச்சிலாச்சிராமத்தில் ஒரு பெண்

7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரின் வாழ்வை 12ஆம் நூற்றாண்டில் பாடிய சேக்கிழார், இந்நிகழ்ச்சியைப் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். மழநாட்டுத் தலைவனாகிய கொல்லி மழவனின் மகளை 'முயலகன்' என்னும் நோய் பற்றுகிறது. பிற வழிகள் பயன் தராத நிலையில், மகளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலுக்குக் கொணர்ந்து இறைவன் திருமுன் கிடத்துகிறான் மழவன். இன்று திருவாசி என வழங்கும் அவ்வூர், திருச்சிராப்பள்ளிக்கு அருகே கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது. அங்கு வரும் சம்பந்தர், உணர்விழந்து கிடக்கும் பெண்ணைக் கண்டு பதிகம் பாட, அவள் நோய் நீங்கி எழுகிறாள். முதல் திருமுறையில் 44ஆம் பதிகமாக, தக்கராகப் பண்ணில் அமைந்த பாடல் அது. இப்பெண்ணை வாடச் செய்வது உனக்குத் தகுமோ என இறைவனையே வினவும் அப்பதிகம், படிக்கும்போது அகத்துறைப் பாடல் போலவே ஒலிப்பது அதன் தனியழகு.

திருவாசி கோயிலுக்குச் செல்லும் வாசகர்கள் அங்குள்ள ஆடவல்லானின் திருவடியைக் கூர்ந்து நோக்கவேண்டும். பிற தலங்களில் காலடியில் கிடக்கும் முயலகன் அங்கில்லை. பாம்பின் மீது இறைவன் ஆடுகிறான். அப்பெண்ணைப் பற்றிய முயலகன் பாம்பானதாகத் தலமரபு கூறும்.

காலடியில் கிடக்கும் அக்குறளனுக்கு வடமொழியில் அபஸ்மாரன் என்று பெயர். ஆயுர்வேதத்தில் வலிப்பு நோய்க்கும் அபஸ்மாரம் என்பதே பெயர். தமிழிலும் 'முயலகன்' என்ற ஒரு சொல்லே அசுரனையும் நோயையும் குறித்தது. திடீரென ஒருவரை வீழ்த்தும் நோயை, மனிதனைப் பிடித்துக் கீழே தள்ளும் ஓர் உருவாகவே நம் முன்னோர் கண்டனர்.

மழவன் மகளுக்கு வந்தது இன்ன நோய்தான் என இன்றைய மருத்துவப் பெயர் சூட்டுவது நம் நோக்கமன்று. நம்மை ஈர்ப்பது வேறொன்று. வீழ்த்தும் நோய்கள் பல. வலிப்பு ஒன்று, குருதி மூளைக்குச் சற்று நேரம் குறைவதால் வரும் மூர்ச்சை ஒன்று, செவியின் உள்ளே பிறந்து, உலகையே சுழலச்செய்து ஆளைச் சாய்க்கும் தலைச்சுழற்சி மற்றொன்று. பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றும் ஒன்று போலவே தோன்றும்: நின்றவர் விழுந்தார். ஆனால் விழுந்தவருக்கு மூன்றும் ஒன்றல்ல. முதலிரண்டிலும் பெரும்பாலும் உணர்வு போய்விடுகிறது. மூன்றாவதில் உணர்வு போவதில்லை! கண்முன் நடப்பது அனைத்தையும் அறிந்தபடியே அவர் கிடக்கிறார்.

சாவிக்கொத்து

எங்கள் இலக்கிய வட்டத்து நண்பர் ஒருவர் இதற்குச் சான்று. தமிழ் கற்பிப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் கரும்பலகையிலிருந்து மாணவர் பக்கம் திரும்பிய கணத்தில், அறை முழுவதும் இடப்புறமாகச் சுழன்று சரிந்ததாகச் சொல்வார். மேசையைப் பற்ற முயன்று விழுந்தார். வாந்தி எடுத்தார். ஓடிவந்தவர்கள் காக்காய்வலிப்பு என்று முடிவுகட்டி ஒரு சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தனர். "எனக்கு வலிப்பில்லை என்று சொல்லவே விரும்பினேன். வாயைத் திறந்தால் மறுபடியும் குமட்டியது. கையில் சாவியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பற்றி அவர்கள் பேசிய அத்தனையையும் கேட்டுக்கொண்டு கிடந்தேன்" என்று அவர் கூறியபோது எங்களில் எவரும் சிரிக்கவில்லை.

அடுத்த முறை அது சாலையில் வந்தது. பகல் பதினொரு மணிக்குக் குடித்துவிட்டு வருகிறார் என்றது தெரு. மூன்றாம் முறை வீட்டில். பித்தம் என்றனர் உறவினர். இடக்காதில் கடலிரைச்சல் போன்ற ஓசையும் அடைப்பும் ஒவ்வொரு முறையும் முன்னதாக வந்ததை எவரும் கேட்கவில்லை. அவரும் தொடர்புபடுத்திச் சொல்லவில்லை. தலை சுற்றுவதற்குக் காதைக் காட்டவேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

பாரிசில் ஒரு கேள்வி

மருத்துவ உலகுக்கே அது எளிதில் தோன்றவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பிய மருத்துவர்கள் திடீர்ச் சுழற்சியையும் வீழ்ச்சியையும் மூளையில் குருதி திரண்டதன் விளைவு என்றே கருதினர். மண்டையில் குருதி மிகுந்துவிட்டது என முடிவுசெய்து, அட்டைவிட்டும் நரம்பைக் கீறியும் குருதியை வெளியேற்றினர். ஏற்கெனவே தள்ளாடுபவரின் உடலிலிருந்து குருதியையும் எடுத்தால் அவர் நிலை என்னவாகும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இக்கருத்தை மறுத்தவர் புரோஸ்பர் மெனியே. 1799இல் ஆன்ழே நகரில் பிறந்தவர். 1838 முதல் பாரிசிலிருந்த காதுகேளாதோர், வாய்பேசாதோர் நிறுவனத்தின் மருத்துவர். நாள்தோறும் செவிக்குறை உடையோருடன் பழகியதால், பிற மருத்துவர் காணாத ஒன்றை அவர் கண்டார்: சுழற்சியால் வீழ்ந்தவர்களில் பலருக்குக் காதிரைச்சல் இருந்தது, கேட்கும் திறனும் குறைந்துவந்தது. மூளை நோய்க்குரிய பிற அடையாளங்கள் அவர்களிடம் இல்லை. 1820களிலேயே பிளூரான்ஸ் என்னும் அறிஞர் புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்களை வெட்டி, அவை நிலைதடுமாறிச் சுழல்வதைக் காட்டியிருந்தார். இவ்விரண்டையும் மெனியே இணைத்தார். நோயின் இருப்பிடம் மூளையன்று, உட்செவியே என 1861 ஜனவரி 8ஆம் நாள் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் அறிவித்தார்.

அவர் எடுத்துக்காட்டிய சான்றுகளில் ஒன்று ஓர் இளம்பெண்ணைப் பற்றியது. குளிர்ந்த இரவில் வண்டியின் திறந்த மேற்பகுதியில் பயணம் செய்த அவளுக்குச் செவிப்புலன் முற்றும் போய், அசைந்தாலே சுழற்சியும் வாந்தியும் வந்தன. ஐந்தாம் நாள் இறந்தாள். பிணஆய்வில் மூளை பழுதின்றி இருந்தது. செவியின் அரைவட்டக் குழல்களில் மட்டும் செந்நிறக் கசிவு காணப்பட்டது. அவளுக்கு இருந்தது இன்று மெனியே நோய் எனப்படும் நோயன்று என்பதே பிற்கால மருத்துவர் கருத்து. ஆயினும் செவிக்கும் சுழற்சிக்கும் உள்ள உறவை அவளுடைய உடல் ஐயமற நாட்டியது. கொல்லி மழவன் மகளைப் போலவே இவளும் நமக்குப் பெயரற்றவள்தான்.

மெனியேயின் கருத்து உடனே வரவேற்கப்படவில்லை. ஆயினும் அதே மாதத்தில் துரூசோ என்னும் புகழ்பெற்ற மருத்துவர், 'மூளைக் குருதித்திரட்சி' எனப்பட்ட நோய்களில் பல உண்மையில் வலிப்பே என அதே கழகத்தில் வாதிட்டார். மெனியேயின் கண்டுபிடிப்பையும் ஆதரித்தார். ஒரே பெயரின் கீழ் மூடிக்கிடந்த நோய்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப்பட்ட மாதம் அது. மெனியே 1862 பிப்ரவரியில் மறைந்தார். நோய் அவர் பெயரால் வழங்கத் தொடங்கியது பின்னரே.

மயக்கம் என்னும் சொல்

தமிழ் படித்தவர்கள் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். தலைசுற்றல், கிறுகிறுப்பு, மயக்கம் ஆகியவற்றை நாம் பேச்சில் வேறுபாடின்றி வழங்குகிறோம். மருத்துவரிடம் "மயக்கமாக வருகிறது" என்போம். கண் இருளுவதும் மயக்கம். கள்ளுண்டு தடுமாறுவதும் மயக்கம். உலகு சுழல்வதும் மயக்கம். நண்பரைத் தெரு குடிகாரர் எனக் கொண்டதில் மொழிக்கும் சிறு பங்குண்டு.

ஆனால் இலக்கணத்தார்க்கு மயக்கம் என்றால் கலத்தல். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே உண்டு. ஒரு வேற்றுமைக்குரிய இடத்தில் மற்றொன்று வந்து கலப்பதை அது பேசும். எழுத்துகள் ஒன்றோடொன்று இணைவது மெய்ம்மயக்கம். மெய் என்பதற்கு உடல் என்றும் பொருளிருப்பதால், செவிச்சுழற்சிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது என்பது எங்கள் கருத்து. உண்மையில் அந்நோயில் நிகழ்வது உடலறிவுகளின் மயக்கமே!

உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்துள்ளன. அவற்றுள் நீர்மம் நிறைந்துள்ளது. தலை திரும்பும்போது குழல் திரும்புகிறது. நீர்மம் சற்றுப் பின்தங்குகிறது. அந்த அழுத்தத்தால் நுண்மயிர்கள் வளைந்து, 'தலை திரும்புகிறது' என மூளைக்கு உரைக்கின்றன. அருகிலுள்ள இரு பைகளில் சுண்ணத் துகள்கள் அமர்ந்து மேல் எது, கீழ் எது என உணர்த்துகின்றன. கண்ணும், பாதமும், கழுத்துத் தசையும் தத்தம் செய்தியை அனுப்புகின்றன. அனைத்தும் ஒத்தால் நாம் நிற்கிறோம் என்பதையே மறந்து நிற்கிறோம். ஒரு செவி மட்டும் பொய் சொன்னால்? 'அசையவில்லை' என்கிறது கண்; 'சுழல்கிறாய்' என்கிறது செவி. முரணான இரு சாட்சிகளை ஏற்ற மூளை நிலைகுலைகிறது. செவியின் சமநிலை நரம்பு வாந்தியைத் தூண்டும் மூளைப்பகுதியோடும் தொடர்புடையது. எனவே வயிறு குமட்டி, இறுதியில் மஞ்சள் நிறப் பித்தநீர் வெளிவருகிறது. கண்ணால் கண்ட பித்தத்தையே நோயின் காரணமாக நம் முன்னோர் கொண்டதில் வியப்பில்லை. வளி முதலாக எண்ணப்பட்ட மூன்றும் மிகினும் குறையினும் நோய் என்ற கொள்கை குறளிலேயே (941) உண்டல்லவா? ஆனால் பித்தம் இங்கே விளைவுதான். வினை செவியில் உள்ளது.

மலையின் மேல் விழுந்த பழி

இனி மீண்டும் கொல்லிக்குச் செல்வோம். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள அம்மலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். 'கொல்லும் மலை' என்றே பெயருக்குப் பொருள் கூறுவோர் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அது மலைக்காய்ச்சலுக்காக அஞ்சப்பட்டது. மலேரியாவுக்கு அன்று உரிய மருந்து கொயினா. 1860இல் நீலகிரியில் சிங்கோனா பயிரிடத் தொடங்கியபின் சென்னை மாகாணத்திலேயே அது உற்பத்தியானது. அளவு மிகுந்தால் கொயினா காதிரைச்சலும் செவிமந்தமும் தலைச்சுழற்சியும் தரும். மலேரியா மலைகளுக்குச் சென்று திரும்பிக் கொயினா உண்டவருக்குக் காது இரைந்து தலை சுழன்றிருந்தால், பழி மலைக்கே போயிருக்கும்! விந்தை என்னவெனில், 1870களில் சார்க்கோ என்னும் பிரெஞ்சு மருத்துவர் மெனியே நோய்க்கு மருந்தாகவே கொயினாவைக் கொடுத்தார்.

கொல்லிக்குச் செல்லும் திட்டத்தை நாங்கள் வகுத்தபோது, நண்பர் வரவேண்டாம் என்பதே பலரின் கருத்து. வளைவுகள் அவருக்கு ஆகாது என்றனர். அவர் வந்தார். முன்னிருக்கையில் அமர்ந்து, தலையைச் சாய்வில் ஊன்றி, தொலைவிலுள்ள மலைமுகட்டையே நோக்கியபடி வந்தார். வளைவுகளில் வாந்தி எடுத்தவர்கள், பின்னிருக்கையில் நற்றிணை உரையைப் படித்துக்கொண்டு வந்த எங்களில் இருவர்! புத்தகத்தில் பதிந்த கண் 'அசையவில்லை' என்றது. நலமான செவி 'திரும்புகிறாய்' என்ற உண்மையைச் சொன்னது. பயணக் குமட்டல் என்பது இதுதான், நோயன்று. ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் படிகளின் தலைப்பில் கால் நடுங்கிய மற்றொருவருக்கு இருந்தது உயர அச்சம். அதுவும் வேறு. இவ்விரண்டையும் சுழற்சியோடு குழப்புவது நம்மூரில் மட்டுமன்று. ஹிட்ச்காக் 1958இல் உயர அச்சம் கொண்ட நாயகனைப் பற்றி எடுத்த படத்துக்கு 'வெர்டிகோ' என்றே பெயரிட்டார். அச்சொல்லின் இலத்தீன் வேருக்குச் 'சுழல்' என்றே பொருள்.

நண்பருக்குச் சுழற்சி வந்தது, இரவு விடுதியில் சமதரையில் நாற்காலியில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது. காது அடைப்பதை உணர்ந்ததும் அவர் பேச்சை நிறுத்தித் தரையில் படுத்தார். "வந்துவிட்டது. விளக்கை அணைக்காதீர்கள். பேசாமல் இருங்கள்" என்றார். சுவரிலிருந்த ஆணி ஒன்றில் பார்வையை நிறுத்தினார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தார். நாங்கள் அருகில் அமர்ந்திருந்தோம். மலையின் குற்றம் எதுவுமில்லை என்பதை அன்று கண்ணாரக் கண்டோம்.

இரண்டு பாவைகள்

அவ்வாறு அருகில் அமர்ந்திருந்தபோது நாங்கள் கண்ட மற்றொன்றையும் கூறவேண்டும். நண்பரின் கண்மணிகள் நிலைகொள்ளவில்லை. ஒருபுறம் மெல்ல நகர்ந்து, வெடுக்கென மறுபுறம் திரும்பின, மீண்டும் நகர்ந்தன.

கொல்லி என்றதும் நினைவுக்கு வருவது கொல்லிப்பாவை. நற்றிணையின் 192, 201 ஆகிய பாடல்கள் அப்பாவையைப் பாடுகின்றன. காற்று மோதினும் மழை பெய்யினும் நிலம் நடுங்கினும் தன் வடிவு திரியாமல் நிற்பது அதன் சிறப்பு. தமிழில் கண்ணின் மணிக்கும் பாவை என்றே பெயர். குறளின் 1123ஆம் பாடலில் காதலன் பேசுவது அப்பாவையோடுதான். கொல்லிப்பாவை அசையாதது. கண்பாவையோ செவி தடுமாறினால் அசைவது. செவிக்குள் எட்டிப்பார்க்க இயலாத மருத்துவருக்கு அந்தக் கண்பாவையே சாளரம்.

அச்சாளரத்தைத் திறந்தவர் 1876இல் வியன்னாவில் பிறந்த ராபர்ட் பாரனி. காதைக் கழுவக் குளிர்ந்த நீரைச் செலுத்தியபோது நோயாளி தலை சுற்றுவதாகக் கூறினார். கண்மணிகள் ஒரு திசையில் துடித்தன. வெதுவெதுப்பான நீருக்கு எதிர்த்திசையில் துடித்தன. குழலிலுள்ள நீர்மம் வெப்பத்தால் நகர்வதே காரணம் என உணர்ந்து, எந்தச் செவி பழுதுற்றது என அறியும் சோதனையை அவர் வகுத்தார். 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டபோது, முதல் உலகப்போரில் பிடிபட்டு உருசியாவில் கைதியாக இருந்தார். சுவீடன் இளவரசரின் முயற்சியால் 1916இல் விடுதலையானார்.

அதன்பின் பிரித்தறிதல் விரைந்தது. படுக்கையில் புரளும்போதும் மேலே நிமிரும்போதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுழல்வது, சுண்ணத் துகள் இடம்பெயர்ந்து குழலுக்குள் புகுந்ததால். அதற்கான சோதனையை 1952இல் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் வெளியிட்டனர். தலையை முறையாகத் திருப்பியே துகளை வெளியேற்றும் வழியை அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்து, 1992இல் கட்டுரையாக வெளியிட்டார். தொடக்கத்தில் அவரை ஏளனம் செய்தோர் பலர். மருந்தின்றிச் சில நிமிடங்களில் தீரும் நோயை எவர்தான் நம்புவர்? மெனியே நோய் வேறு: 20 நிமிடம் முதல் 12 மணி நேரம்வரை சுழற்சி, கூடவே காதிரைச்சல், அடைப்பு, ஏறியிறங்கும் செவிப்புலன். உட்செவி நீர்மம் மிகுந்து வீங்கியிருப்பதை 1938இல் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் தனித்தனியே கண்டறிந்தனர். இதற்கு முற்றான தீர்வு இன்றும் இல்லை; அடக்கி வாழ்வதே வழி. பலருக்கு ஆண்டுகள் செல்லச் செல்லச் சுழற்சி தணிவதும் உண்டு. செவிப்புலன் இழப்பு மட்டும் பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது.

அவ்வாறு வாழ்ந்து காட்டியவர்களில் ஒருவர் ஆலன் ஷெப்பர்ட். மெனியேயின் உரைக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1961 மே 5இல் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கர். அடுத்த சில ஆண்டுகளில் இந்நோய் அவரைத் தரையில் கட்டிப்போட்டது. 1968இல் செவியில் அறுவை செய்துகொண்டார். அவ்வறுவையின் பயன் குறித்து மருத்துவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 1971 பிப்ரவரியில் அவர் நிலவில் நடந்தார்.

நிலவு நமக்கு வேண்டாம், அன்றாடம் போதும். நண்பர் கற்றுக்கொண்டவை எளியவை. காது அடைத்ததும் இருக்குமிடத்தில் அமர்வது அல்லது படுப்பது. அசையாத ஒரு பொருளில் கண்ணை நிறுத்துவது. ஏணியில் ஏறுவதில்லை, தனியே நீந்துவதில்லை, வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றைக் குறைத்தார். சுழற்சி வந்த நாளையும் நேரத்தையும் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுகிறார். தாக்குதல்களுக்கு இடையே எஞ்சும் தள்ளாட்டத்துக்குக் கண், தலை, நடைப் பயிற்சிகள் உண்டு. 1940களில் இங்கிலாந்தில் காதார்ன், குக்சி ஆகியோர் வகுத்தவை அவற்றுக்கு முன்னோடி. எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பின் முதல் நாளிலேயே மாணவரிடம் தம் நோயைச் சொல்லிவிடுகிறார்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. சுழற்சியோடு நாக்குழறல், கைகால் தளர்ச்சி, முகக்கோணல், இரட்டைப்பார்வை, கடுந்தலைவலி ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும், நிற்கவே இயலாது போனாலும் அது மூளையின் குரலாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பாச்சிலாச்சிராமத்தில் கிடந்த பெண்ணை நோக்கிச் சம்பந்தர் முதலில் செய்தது, அவளுக்கு என்ன நேர்ந்தது எனக் கேட்டறிந்ததே என்கிறது பெரியபுராணம். பதிகம் அதன்பின்தான் வருகிறது. அருளாளரின் செயலை நாம் செய்ய இயலாது; அந்த முதற்செயலை எவரும் செய்யலாம். விழுந்து கிடப்பவரிடம் குனிந்து, கண் இருளுகிறதா, உலகம் சுழல்கிறதா, காது இரைகிறதா எனக் கேட்போம். பேச இயலாதவர் கையசைத்தேனும் விடைகூறுவார். ஏனெனில் அவர் உணர்வோடுதான் இருக்கிறார்.